சிங்கப்பூரில் என் மன்றாட்டு வளர்ந்த கதை

தேவகோட்டைப் பக்கம் கடல் கடந்து போவது புதுச் செய்தியே இல்லை. பெரிய வீடுகளின் தேக்குத் தூண்களே பர்மாவிலிருந்து வந்தவைதான். நகரத்தார் சிங்கப்பூரில் 1859-லேயே டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணி கோயிலைக் கட்டிவிட்டார்கள். போன இடத்துக்கு முருகனையும் கூட்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள். அந்த வீடுகளின் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிய கொத்தனார் குடும்பம் எங்களுடையது. எங்களில் கடல் தாண்டிய முதல் ஆள் நான். ஷிப்யார்டில் வெல்டிங் வேலை. பையில் அம்மா வைத்த செபமாலையும், அப்பத்தா ஓரியூரில் அள்ளி வந்து காகிதத்தில் மடித்துக் கொடுத்த செம்மண்ணும் இருந்தன.

முதல் வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தின் வட்டி, ஓவர்டைம், டார்மிட்டரியில் இரும்புக் கட்டில். வந்தவர்கள் எல்லாரும் அறிந்த கதைதான். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலுக்குப் போவேன். தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே எழுப்பி, 1888-ல் கட்டி முடித்த கோயில் அது. பூசை முடிந்து வாசலில் நின்றால் யாழ்ப்பாணம், நாகர்கோவில், தஞ்சாவூர், ஈப்போ என்று நாலு ஊர்த் தமிழும் காதில் விழும். எங்கள் ஊரில் பெயரைச் சொன்னவுடனே எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே நற்கருணை வரிசையில் முன்னால் நிற்பவர் யார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தோன்றவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஆனால் என் செபத்தை உண்மையில் மாற்றியது தாம்சன் ரோட்டில் இருக்கும் சகாய மாதா கோயில். சனிக்கிழமைதோறும் அங்கே நவநாள் என்ற வேண்டுதல் வழிபாடு நடக்கும். ஆங்கிலத்தில் அதை நொவீனா என்பார்கள். அதனால்தான் அந்த வட்டாரத்துக்கும் எம்ஆர்டி நிலையத்துக்கும் நொவீனா என்றே பெயர். காலையிலிருந்து மாலை வரை கூட்டம் மாறி மாறி வரும். பீடத்தில் இருப்பது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் அதே படம். குழந்தை இயேசு பயந்துபோய் இரண்டு கையாலும் தாயின் கையைப் பிடித்திருப்பார். ஒரு காலில் செருப்பு கழன்று, வார் ஒன்றில் மட்டும் தொங்கும். சின்ன வயதில் அந்தச் செருப்பு கீழே விழுந்துவிடுமோ என்றே பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே என் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணும் அதே செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நவநாளில் மக்கள் எழுதிப் போட்ட கடிதங்களைச் சத்தமாக வாசிப்பார்கள், பெயர் சொல்லாமல். பேசாமல் போன மகனுக்காக ஒரு தாய். ஊரில் விட்டு வந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு வீட்டுப் பணிப்பெண். சிகிச்சை பலிக்கவில்லை, ஆனாலும் நன்றி என்று ஒருவர். இந்தக் கடைசிக் கடிதம் வாசிக்கப்பட்ட அன்று நான் வெளியே வந்து வெகு நேரம் பஸ் ஏறாமல் நின்றேன். அதுவரை என் மன்றாட்டு முழுக்க என் வீட்டுப் பெயர்கள்தான். அப்பாவின் மூட்டுவலி, தங்கச்சி கல்யாணம், என் பெர்மிட். கேட்பது தப்பில்லை, கடவுள் கேட்கச் சொன்னதுதான். அன்றைக்குப் பிறகு அந்தப் பட்டியலில் முகம் தெரியாதவர்களும் வந்து சேர்ந்தார்கள். கடவுள் இத்தனை பேருடைய அழுகையையும் ஒரே நேரத்தில் கேட்கிறார் என்று ஞானோபதேசத்தில் படித்திருந்தேன். அங்கே உட்கார்ந்துதான் அதை நம்பினேன்.

காரைக்குடி ஆச்சி ஒருவரும் அங்கே தவறாமல் வருவார். தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு, சனிக்கிழமை இங்கே. "ஆச்சி, நீங்க எப்படி இங்க?" என்று கேட்டேன். "பிள்ளை பிறக்கணும்னு வந்தேன் தம்பி. பிறந்துட்டான். சொன்னதைக் கேட்டவளைப் பார்க்க வரமாட்டேனா?" என்றார். எங்கள் மறைக்கல்வியில் இதற்கு என்ன விளக்கம் என்று நான் தேடவில்லை. அவர் மெழுகுவர்த்தி ஏற்றும்போது பக்கத்தில் நின்று அருள் நிறைந்த மரியே சொன்னேன்.

அப்பத்தா கொடுத்த மண்ணைக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் பூசிக்கொள்ளத்தான் வைத்திருந்தேன். அந்த மண்ணில் ரத்தம் சிந்திய அருளானந்தரை நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கியதும் இங்கேதான். அவர் 1647-ல் லிஸ்பனில் பிறந்தவர், அரண்மனையில் வளர்ந்தவர். நம் நாட்டுக்கு வந்து, காவி உடுத்தி, இறைச்சியும் மதுவும் விட்டு, ஜான் டி பிரிட்டோ என்ற பெயரை விட்டு அருளானந்தர் ஆனார். மறவர் சீமையில் பிடித்து வதைத்து, இனி வராதே என்று விரட்டினார்கள். பிறகு லிஸ்பனுக்குப் போனார். அரசர் அங்கேயே தங்கச் சொன்னார். அவர் 1690-ல் மறுபடி நம் நாட்டுக்கே வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலையை வெட்டினார்கள். சொந்த ஊர் கைநீட்டி அழைத்தும், அடித்து விரட்டிய ஊரைத் தன் ஊர் என்று தேடி வருவது எப்படிப்பட்ட மனசு! டார்மிட்டரியில் படுத்துக்கொண்டு ஊரை நினைத்து ஏங்குகிறவனுக்குத்தான் அந்தப் பயணத்தின் எடை தெரியும். புனிதர் என்று கும்பிட்டவரை, நமக்கு முன்னே புலம்பெயர்ந்தவர் என்று தெரிந்துகொண்டதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்நியனை வரவேற்றவர்கள் தம்மையே வரவேற்றார்கள் என்று ஆண்டவர் சொன்னதை மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போனபோது, நள்ளிரவுப் பூசையில் பின்வாசல் ஓரமாக நாலைந்து பையன்கள் நின்றார்கள். சிலுவை போடுகிற இடத்தில் சரியாகப் போட்டார்கள், பாட்டு மட்டும் வாயில் வரவில்லை. ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசிக் கத்தோலிக்கர்கள், டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு வந்தவர்கள். லூர்து மாதா கோயிலுக்கு முதல் தடவை போனபோது நான் நின்ற நிலை அதேதான். எனக்காவது அங்கே தமிழ் இருந்தது.

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா வெள்ளைப் பணியாரத்தையும் மிளகாய்ச் சட்னியையும் வைத்துவிட்டு, "ஏய்யா, இந்தப் பிள்ளைக இத்தனை நாளா எங்கேய்யா சாப்பிட்டுச்சு?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் பாதி இந்தியில் கேட்டுச் சொன்னேன்.

மறுநாள் பங்குத்தந்தையிடம் பேசினேன். மாதத்தில் ஒரு ஞாயிறு முதல் வாசகத்தை இந்தியிலும் வாசிக்கலாம், ஆள் இருந்தால் சரி என்றார். எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் குழுவில், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் இந்தி நன்றாகப் படிப்பார், சம்மதித்திருக்கிறார். அந்தப் பையன்களில் ஒருவனே வாசித்தால் இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.