நெபியோலோ நிரையில் ஒரு காலை

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி நான்கு நாளாகிறது. அம்மா இன்னும் அந்தத் திராட்சைத் தோட்டத்தைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வட இத்தாலியில், பியமோன்தே மாநிலத்தில் லாங்கே என்ற மலைப்பகுதி. 2014இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். அக்டோபரில் போனேன். அங்குள்ள லா மோரா என்ற ஊரில் விடியற்காலை ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். மேடுகள் மட்டும் தீவு மாதிரி மிதந்தன. பனிமூட்டத்துக்கு அங்கே 'நெபியா' என்று பெயர். அங்கே விளையும் நெபியோலோ திராட்சையின் பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள்.

அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒரு அம்மாள் சிறு கத்தரியால் காம்பை நறுக்கி, குலையை உள்ளங்கையில் ஏந்தி, அழுகிய மணிகளைக் கிள்ளி எறிந்துவிட்டுக் கூடையில் வைத்தார். விரல் நுனியெல்லாம் கருஞ்சிவப்பு. அப்பாவின் விரல்களில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அதுதான் நினைவுக்கு வந்தது. நிரை நிரையாக நடந்தேன், வெகுநேரம்.

இந்தப் பழம்தான் பரோலோ ஒயின் ஆகிறது. அறுவடை முடிந்து குறைந்தது 38 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில்.

"மூணு வருஷத்துக்கு மேலயா? நம்ம ரப்பர் பாலு அன்னிக்கே ஸ்டோருக்குப் போயிடணுமே" என்றார் அம்மா. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தம்மா கையுறை போடலயா?" என்றார்.