கத்தரிக்கோல் நிற்கட்டும், காகிதம் சுழலட்டும்: சீனக் காகித வெட்டு, இதுவரை

நான் வெட்டும் காகிதச் சேவலின் கழுத்து இறகு இப்போது இறகாகவே விழுகிறது. சீனக் காகித வெட்டில் இறகு, புலியின் மயிர், இதழோரம் எல்லாவற்றுக்கும் அடிப்படை ரம்பப் பல் வெட்டுதான். முதலில் பிறை வடிவில் ஒரு கீறல். பிறகு அதன் ஒரு கரையில், ஊசிமுனையாக முடியும் பற்களை நெருக்கமாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். பல்லுக்கு இரண்டு வெட்டு. கத்தரிக்கோல் நின்ற இடத்தில் நிற்கும். இடக்கைதான் காகிதத்தைச் சுழற்றும். இந்தக் கலை இருப்பது இடக்கையில் என்றே சொல்வேன்.

நான் தொடங்கியது சீனத் திருமண வீடுகளில் ஒட்டும் ‘இரட்டை மகிழ்ச்சி’ என்ற சீன எழுத்தில். காகிதத்தை இரண்டு முறை மடித்து வெட்டினால் வந்துவிடும். அடுத்து வட்டப் பூக்கள். சின்ஜியாங்கின் துர்பான் அருகே கல்லறைகளில் கிடைத்த, ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டின் காகித வெட்டுகளும் இப்படி மடித்து வெட்டிய வட்டங்களே. மடிப்பைப் பிரிக்கும் அந்த நொடிக்காகவே இன்னும் வெட்டத் தோன்றுகிறது.

மீன் உருவத்தை வெட்டும்போதுதான் யின், யாங் என்ற இரு வெட்டு முறைகளும் பிடிபட்டன. யாங் வெட்டில் கோடுகள் மிஞ்சும். ஒவ்வொரு கோடும் இன்னொன்றைத் தொட்டாக வேண்டும், இல்லாவிட்டால் துண்டு கழன்றுவிடும். யின் வெட்டில் கோடுகளையே எடுத்துவிடுகிறோம். அவை ஒன்றையொன்று தொடக் கூடாது. மீனின் உடலை யின்னாகவும் துடுப்பையும் வாலையும் யாங்காகவும் வெட்டினேன். உடல் கனத்து நிற்க, வாலில் அசைவு வந்தது. ஷான்சி (Shaanxi) மாகாணத்தின் வடபகுதியில் புத்தாண்டுக்கு வெள்ளைத் தாள் ஒட்டிய சன்னல்களில் காகித வெட்டுகளை ஒட்டுவார்கள். இடைவெளிகளின் வழியே வெளிச்சம் வரும்போதுதான் யாங் வெட்டின் அழகு முழுதாகத் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது புகையால் படியெடுப்பது. மாதிரியை வெள்ளைத் தாளில் வைத்துத் தண்ணீரால் ஒட்டவைத்து, ஈரம் காயும்முன் மாதிரி இருக்கும் பக்கத்தை விளக்குப் புகைக்கு மேலே காட்ட வேண்டும். தாள் முழுக்கக் கரியேறும். மாதிரியை உரித்தால் கருப்பின் நடுவே வெள்ளையாக அதே சேவல்! விளக்கெண்ணெயில் தடித்த திரி போட்டபோது கரி நன்றாகப் பிடித்தது. கிராமத்துப் பாட்டிகளின் வடிவங்கள் பேத்திகளிடம் வந்து சேர்ந்தது இந்தப் புகையில்தான். எவ்வளவு எளிய, எவ்வளவு உறுதியான வழி! படியெடுத்த தாளைச் சிவப்புத் தாள்கள் மேல் வைத்து, முறுக்கிய காகிதத் திரியால் மூலைகளைக் கோத்துவிட்டு வெட்டுகிறேன். உள் வேலை முதலில், வெளிக்கோடு கடைசியில்.

ஹெபெய் மாகாணத்தின் யூ மாவட்டத்தில் தாள்களை அடுக்கிச் சிறு கத்திகளால் குடைந்து, பிறகு சாயம் தீட்டுகிறார்கள். கண்ணைப் பறிக்கும் வேலை. ஆனால் என் மனம் கத்தரிக்கோலில்தான் நிற்கிறது.

அடுத்து கு ஷூலானின் வழி. ஷான்சியின் சூன்யி மாவட்டத்தைச் சேர்ந்த அவர் (1920–2004) வண்ணத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிப் பெரும் உருவங்களை எழுப்பினார். மஞ்சளும் பச்சையும் வாங்கியாயிற்று. இப்போதைக்கு வட்டப் புள்ளிகளை மட்டும் வெட்டிச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.