பெயர் பிடித்திருக்கிறது, சரி. யாராவது ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கிறார்களா?

புது பிராண்டுக்குப் பெயர் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் லோகோ வரைந்து, டொமைன் வாங்கி, இன்ஸ்டாகிராம் கணக்கும் திறந்துவிட்டுத்தான் வருகிறார்கள். "டொமைனே கிடைத்துவிட்டது, அப்போ பெயர் காலியாகத்தானே இருக்கிறது?" என்பார்கள். இல்லைங்க. டொமைன் கிடைத்தாலும் சரி, கம்பெனிப் பதிவில் பெயர் கிடைத்தாலும் சரி, அதனால் டிரேட்மார்க் உரிமை, அதாவது அந்தப் பெயரை உங்கள் தொழிலில் நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளும் உரிமை, வந்துவிடாது. அந்தப் பெயரை முன்பே பதிந்து வைத்திருப்பவர் உங்களை நிறுத்தச் சொல்லலாம். நீங்கள் கெட்ட எண்ணத்தோடுதான் எடுத்தீர்கள் என்று காட்ட முடிந்தால் டொமைனையும் பறித்துக்கொள்ளலாம், அதற்கென்றே யூடிஆர்பி என்று 1999இலிருந்து ஒரு நடைமுறை இருக்கிறது.

அதனால் முதலில் தேடுங்கள், லோகோ அப்புறம். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ் இலவசம். பல நாடுகளின் பதிவுகள் ஒரே இடத்தில் கிடைக்கும், படத்தைக் கொடுத்து அதைப் போன்ற லோகோக்களையும் தேடலாம். ஐரோப்பியர்களின் டிஎம்வியூ என்ற தேடல் தளமும் அப்படித்தான். இவற்றோடு, நீங்கள் விற்கப்போகிற நாட்டின் டிரேட்மார்க் அலுவலகத் தளத்திலும் நேரடியாகத் தேடிவிடுங்கள்.

பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். பெயரை அப்படியே எழுத்துக்கு எழுத்து அடித்து, எதுவும் வரவில்லை என்றதும் மூடிவிடுகிறார்கள். சட்டம் பார்ப்பது அதே பெயர் இருக்கிறதா என்பதை மட்டும் அல்ல, வாங்குகிறவர் குழம்புவாரா என்பதை. 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'கே' போட்டு, ஒரு எழுத்தை இரட்டித்து எழுதிவிட்டால் புதுப் பெயராகிவிடும் என்று நினைக்கிறவர்கள் அதை போனில் ஒருவரிடம் சொல்லிப் பார்க்கட்டும். காதில் ஒன்றாக விழுந்தால் சிக்கல்தான். எனவே ஒலிக்கும் விதங்களையெல்லாம், எழுதக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேட வேண்டும், சலிப்பாக இருந்தாலும். பதிவே செய்யாமல் பல வருடமாகப் பயன்படுத்துகிறவர்களுக்கும் சில நாடுகளில் உரிமை உண்டு, ஆகவே சாதாரண இணையத் தேடலையும் ஆப் ஸ்டோர்களையும் விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு தேடினாலும் ஒரு ஓட்டை இருக்கும். டிரேட்மார்க் போன்றவற்றுக்காக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் உடன்படிக்கைப்படி ஒரு நாட்டில் விண்ணப்பித்தவர் ஆறு மாதத்துக்குள் இன்னொரு நாட்டில் விண்ணப்பித்தால் பழைய தேதியையே கேட்டுப் பெறலாம். இன்று நீங்கள் தேடும்போது கண்ணில் படாதவர் அடுத்த மாதம் உங்களுக்கு முந்தைய தேதியோடு வந்து நிற்கலாம். முழு நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது வகுப்பு. எந்தப் பொருளுக்கு, எந்தச் சேவைக்குப் பெயர் வேண்டும் என்று வகுப்பு சொல்லித்தான் பதிய வேண்டும். நீஸ் என்ற சர்வதேச வகைப்பாட்டில் மொத்தம் 45 வகுப்பு, பொருள்களுக்கு 34, சேவைகளுக்கு 11. ஒரே பெயர் வேறு வேறு வகுப்பில் இரண்டு பேரிடம் இருக்கலாம், ஆனால் தொழில் வளரும்போது எல்லை கரைந்துவிடும். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் கார்ப்ஸ் நிறுவனமும் ஆப்பிள் கம்ப்யூட்டரும் 1981இல் சமரசம் செய்துகொண்டார்கள், இசைத் தொழில் பக்கம் வரமாட்டோம் என்று கம்ப்யூட்டர்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் அவர்களே பாட்டு விற்கும் ஐடியூன்ஸ் வந்தது, மறுபடி கோர்ட், 2007இல்தான் முடிந்தது. இன்றைக்கு விற்பதோடு, இரண்டு மூன்று வருடத்தில் எங்கே போவீர்கள் என்றும் யோசித்து வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். அதற்காக எல்லா வகுப்பிலும் போட்டு வைப்பதும் வீண், பயன்படுத்தாத பதிவை மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குப் பிறகு ரத்து செய்யக் கேட்க முடியும், நாட்டுக்கு நாடு கணக்கு மாறும்.

பொருளின் குணத்தையே பெயராக வைப்பதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது. மார்க்கெட்டிங்காரர்களுக்கு அது வசதி, ஆனால் அந்தச் சொற்கள் போட்டியாளர்களுக்கும் வேண்டுமே, உங்களுக்கு மட்டும் யார் எழுதிக் கொடுப்பார்கள்? கேமரா தயாரித்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடாக்' என்று அர்த்தமே இல்லாத ஒரு சொல்லை உருவாக்கி 1888இல் பதிந்தார். கேமராவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அதுதான் பலம்.

விண்ணப்பத்துக்குக் காசு குறைவாக இருந்தால் லோகோவை விட்டுவிட்டு வெறும் சொல்லை முதலில் பதியுங்கள் என்பேன். லோகோ மாறும், சொல் மாறாது. யார் பெயரில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், தொழில் கூட்டாளிகளில் ஒருவர் பெயரில் போட்டுவிட்டுப் பின்னால் சண்டை வந்தால் பிராண்ட் அவரோடு போய்விடும். பதிவு பொதுவாகப் பதிந்த நாட்டுக்குள்தான் செல்லுபடியாகும். பல நாடுகளுக்கு மாட்ரிட் என்ற சர்வதேசப் பதிவு முறையில் ஒரே விண்ணப்பம் போதும், ஆனால் முதல் ஐந்து வருடத்துக்குள் சொந்த நாட்டுப் பதிவு விழுந்தால் அதை நம்பி நிற்கும் மற்றவையும் விழும். பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று யார் வேண்டுமானாலும் போடலாம்; வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவு கிடைத்த பிறகு மட்டும், பல நாடுகளில் முன்கூட்டிப் போடுவது குற்றம்.

பதிவு பெரும்பாலான நாடுகளில் பத்து வருடம், அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். இடையில் உங்களைப் போன்ற பெயரோடு யாராவது விண்ணப்பித்தால் எதிர்ப்புத் தெரிவிக்கக் குறிப்பிட்ட காலம்தான் இருக்கும், அலுவலகம் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள், நீங்கள்தான் கண்காணிக்க வேண்டும். இன்னொன்று, விண்ணப்பம் வெளியானதும் அரசு முத்திரை போன்ற எதையோ அச்சடித்து, இந்தக் கட்டணம் உடனே செலுத்துக என்று கடிதங்கள் வர ஆரம்பிக்கும். பெரும்பாலும் மோசடி. உங்கள் வக்கீலிடமோ அலுவலகத் தளத்திலோ சரிபார்க்காமல் ஒரு பைசா கட்டாதீர்கள்.