வெள்ளரிக் கொடி: பூ நிறைய, காய் எங்கே?

கத்தரி, தக்காளி போல நாற்று விட்டுப் பிடுங்கி நடுவது வெள்ளரிக்கு ஒத்துவராது. வேரைத் தொட்டால் அதற்குப் பிடிக்காது. அதனால் 20 லிட்டர் பையில் நேராகவே விதை ஊன்றினேன். மண், மட்கிய சாண உரம், தேங்காய் நார்த்தூள் மூன்றும் சம பங்கு. விரலால் ஒரு செ.மீ. ஆழத்துக்குக் குழி, பைக்கு இரண்டு விதை. இரண்டும் முளைத்ததும் திடமானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரிக்கோலால் தரையோடு வெட்டிவிட்டேன். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசைந்துவிடும்.

கொடி ஏறக் கம்பு நட்டிருந்தேன். அதைச் சீந்தவே இல்லை. மெல்லிய நூல் வலை கட்டியதும், கொடியிலிருந்து நீளும் பற்றுச்சுருள் நூலைத் தொட்ட சில மணி நேரத்திலேயே சுற்றிப் பிடித்துக்கொண்டது. தடிமனான கம்பை அதனால் வளைக்க முடிவதில்லை போல.

அப்புறம் பூ. கொடி முழுக்க மஞ்சள், காய் மட்டும் இல்லை. வெள்ளரியில் முதலில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஆண் பூக்கள். பூத்து உதிர்ந்துவிடும், அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. வெயில் கடுமையாக இருந்தால் ஆண் பூக்கள் இன்னும் கூடும். பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம்: பூவுக்குப் பின்னாலேயே சுண்டுவிரல் நகம் அளவில், முள் முள்ளாக ஒரு குட்டி வெள்ளரி இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான்.

பெண் பூ வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. பிஞ்சுகள் நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தன. உடனே மருந்து, உரம் என்று தேடத் தோன்றும். இலையைத் திருப்பிப் பார்த்தேன், பூச்சி எதுவும் இல்லை. கொடியும் தளதளவென்றுதான் இருந்தது. தேனீ நடமாட்டம்தான் குறைவு. சரி, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்க்கும் அந்த வேலையை நானே செய்யலாம் என்று இறங்கினேன்.

பூ ஒரு நாள்தான் விரிந்திருக்கும், அதனால் காலையிலேயே முடித்துவிட வேண்டும். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை உரித்தால் நடுவில் மகரந்தம் ஒட்டிய சின்னத் தண்டு மிஞ்சும். பெண் பூவின் உள்ளே சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் முனை) மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மூன்றிலும் படும்படி மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக, ஒரு முனை சூம்பிப் போய் வரும். எனக்கும் அப்படிச் சில கோணல் காய்கள் வந்தன, ருசியில் குறை இல்லை. சேர்ந்துவிட்டதா என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். பூ வாடினாலும் பின்னால் இருக்கும் பிஞ்சு பருக்க ஆரம்பிக்கும்.

மகரந்தம் சேராமலேயே காய்க்கும் ரகங்களும் உண்டு. தேனீ வராத இடத்தில் வளர்ப்பவர்கள் அதையே தேடி வாங்குவது நல்லது. தினமும் காலையில் பூவோடு மல்லுக்கட்டுவது எல்லோருக்கும் ஆகாது.

காய்த்த பிறகு எல்லாம் வேகம்தான். பறிப்பதைத் தள்ளிப்போட்டால் விதை முற்றி, தோல் மஞ்சளாகிவிடும். முற்றிய காய் கொடியில் தொங்கினால் புதுப் பிஞ்சு வருவதும் குறையும். அதனால் பிஞ்சாகவே, காம்பை விட்டு வெட்டிவிடுகிறேன். ஓரிரு காய்கள் கசந்தன. வெயிலில் தண்ணீர் பற்றாமல் கொடி வாடினால் குகர்பிடாசின் என்ற கசப்புப் பொருள் கூடும். அது காம்புப் பக்கமும் தோலிலும்தான் அதிகம். மண்மேல் காய்ந்த இலைகளை மூடாக்காகப் போட்டு, ஈரம் ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொண்டதும் கசப்பு வரவில்லை.

இப்போது அடி இலைகளில் மாவு தூவியது போலச் சாம்பல் நோய் தெரிகிறது. அந்த இலைகளை மட்டும் கிள்ளி எடுத்து, காற்றோட்டம் விட்டிருக்கிறேன். விதைக்கு ஒரு காய் விட வேண்டும். வீரிய ஒட்டு (கலப்பின) ரகத்தில் எடுக்கும் விதை தாய்ச்செடி மாதிரி வராது, என்னுடையது நாட்டு விதை என்பதால் எடுக்கலாம். இப்போதே விட்டால் காய்ப்பு குறையும். ஆகவே கடைசிச் சுற்றில், இலைகள் பச்சையாக இருக்கும்போதே, நேராக வளர்ந்த காய் ஒன்றில் நூல் கட்டி விடப்போகிறேன்.