வரி முனையில் நிற்கும் வெற்றிடங்கள்

எங்கள் கடற்கரை ஊரான மண்டபத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்தத் தடைக்காலத்தில், மற்ற நாட்களில் அப்பாவுடன் படகுக்குப் போகும் இரண்டு மூன்று பையன்கள் மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து கணினி நிரல் எழுதப் பழகுவார்கள். சென்ற ஆண்டு அவர்களில் ஒருவன், நாங்கள் பயிலும் மொழியின் உசாத்துணை ஆவணத்திலிருந்து ஆறு வரி எடுத்துக்காட்டைப் படியெடுத்து இயக்கினான். தொடரியல் பிழை வந்தது. "நான் ஒண்ணும் மாத்தலண்ணே, அப்படியே எடுத்துப் போட்டதுதான்" என்றான். ஒரு மணி நேரம் தேடிய பிறகுதான் தெரிந்தது: நான்காம் வரியின் உள்தள்ளலில், அதாவது வரித் தொடக்கத்தில் விடும் இடத்தில், இருந்தது 32 என்னும் எண்ணுக்குரிய சாதாரண இடைவெளி அன்று, எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் 160 என்னும் எண்ணுக்குரிய, வரியை முறிக்க விடாத இடைவெளி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தன் பக்கம் தவறே இல்லாத ஒருவன் தனக்கு இது வராது என்று எண்ணி எழுந்துபோகப் பார்த்ததை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அன்றிரவே அந்த ஆவணத்தின் மூலக் கோப்புகளை இறக்கி, இடைவெளிகளைச் சீர்செய்யத் தொடங்கினேன்.

கோப்புகளில் கண்டவற்றுள் பெரும்பாலானவை வரி முனையில் எஞ்சி நின்ற வெற்றிடங்கள். அவற்றால் வாசகருக்குத் தீங்கில்லை. டேப் குறியும் இடைவெளியும் கலந்த உள்தள்ளல்தான் தொல்லை தருவது. ஒரு டேப் எத்தனை இடம் அகலம் என்பதை, கோப்பைத் திறந்து எழுதும் மென்பொருளான எழுத்துத் திருத்தி முடிவு செய்கிறது: ஒன்றில் நான்கு, மற்றொன்றில் எட்டு. எனவே எழுதியவர் திரையில் நேராக நின்ற நிரல், படிப்பவர் திரையில் கோணலாகிவிடும். பைத்தான் என்னும் நிரல் மொழியின் 3ஆம் பதிப்பு, பொருள் மாறக்கூடிய அத்தகைய கலப்பைப் பிழை என்றே நிறுத்திவிடுகிறது. ஆவணத்தை எழுதப் பயன்படும் ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் என்னும் குறிமுறையிலும் இதே கண்டிப்பு உண்டு. ஒரு பத்தி ஓர் இடம் கூடுதலாக உள்ளே தள்ளி நின்றால், அது பிறர் கூற்றை எடுத்துக்காட்டும் மேற்கோள் பத்தியாக அச்சாகும். விளக்கத்தின் பாதி மேற்கோளாக மாறி நிற்பதைப் பார்த்த வாசகர், அதற்கும் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பியிருப்பார்.

ஆனால் வெற்றிடம் எல்லாம் குப்பை அன்று. மார்க்டவுன் என்னும் மற்றொரு குறிமுறையில் வரி முனையில் நிற்கும் இரண்டு இடைவெளிகள் 'இங்கே வரியை முறி' என்னும் கட்டளை; அவற்றைத் துடைத்தால் தனித்தனியாக நின்ற இரண்டு வரிகள் ஒட்டிக்கொள்ளும். பெர்ல் மொழியின் பாட் ஆவண முறையில் இடைவெளியோடு தொடங்கும் பத்தி, உள்ளது உள்ளபடி அச்சாக வேண்டிய நிரல். முன்னிடைவெளியை நீக்கினால் அது சாதாரண உரைநடையாகக் குலைந்துவிடும். இதை அறிந்திருந்தும் நான் ஒரு முறை தவறினேன். பெயர்களைப் பத்து எழுத்து அகலத்துக்கு நிரப்பி அச்சிடும் ஓர் எடுத்துக்காட்டில், வெளியீட்டு வரிகளின் முனையில் இருந்த இடைவெளிகளை என் எழுத்துத் திருத்தி தானாகவே நீக்க, நான் கவனிக்காமல் சேமித்துவிட்டேன். ஆவணத்தில் உள்ள வெளியீட்டையும் நிரல் தரும் வெளியீட்டையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் சோதனை அங்கே தோற்றது, தோற்றதால்தான் தப்பித்தேன். இப்போது அந்த எடுத்துக்காட்டு ஒவ்வொரு பெயரையும் மேற்கோள் குறிகளுக்குள் அடைத்துக் காட்டுகிறது; நிரப்பிய இடைவெளி எங்கே முடிகிறது என்பது படிப்பவருக்கும் தெரியும், எந்தத் திருத்தியும் அதைத் துடைக்காது.

இத்தகைய திருத்தங்களைச் சொல் திருத்தங்களோடு கலந்து அனுப்பவே கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நானூறு வரி மாறியதாகக் காட்டும் ஒரு கமிட்டில், அதாவது ஒன்றாகப் பதிவு செய்த மாற்றத் தொகுப்பில், உண்மையாகப் பொருள் மாறிய இரண்டு வரிகளை யார் தேடிக் கண்டுபிடிப்பார்? தனியாக அனுப்பினால், சரிபார்ப்பவர், கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் கட்டளையை இடைவெளி வேறுபாட்டைப் புறக்கணிக்கும் விருப்பத்தோடு இயக்கி, எஞ்சியது ஒன்றுமில்லை என்பதை ஒரு நொடியில் உறுதி செய்யலாம். வரி முறிவுகள் மாறாத வரை இது பொருந்தும். ஒவ்வொரு வரியின் வரலாற்றிலும் உண்மையில் எழுதியவர் பெயர் மறைந்து துடைத்தவர் பெயர் வந்துவிடும் என்று மூத்த பங்களிப்பாளர் ஒருவர் மறுத்தார். அந்த மறுப்பு நியாயமானது. அதற்காகவே, 2019இல் வந்த கிட் 2.23 முதல், வரியை எழுதியவர் யார் என்று காட்டும்போது புறக்கணிக்க வேண்டிய கமிட்டுகளை ஒரு கோப்பில் பட்டியலிடும் வசதி இருப்பதைக் காட்டினேன். அதன் பிறகு ஏற்றுக்கொண்டார்.

இந்த ஆண்டும் தடைக்காலம் தொடங்கிவிட்டது. 160ஆம் எண் இடைவெளியை எல்லாக் கோப்புகளிலும் தேடி முடித்துவிட்டேன். நிரல் பகுதிகளில் இனி ஒன்றுகூட இல்லை. மற்ற வெற்றிடங்களைச் சீர்செய்வதில், சரங்களை, அதாவது நிரலில் வரும் எழுத்துத் தொடர்களைப் பற்றிய அத்தியாயம் மட்டும் மீதம் இருக்கிறது. அங்கே இடைவெளியே பாடப்பொருள் என்பதால், அதை வரி வரியாக, அந்தப் பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன்.