அபா நகரத்து கிதார்

இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கைபேசியில் தானாக ஒரு பாட்டு ஓடியது. கிழிந்த ஒலிபெருக்கியிலிருந்து வருவதுபோல் கரகரக்கும் கிதார். குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றேன்.

தி ஃபங்கீஸ். நைஜீரியாவின் அபா நகரத்துக் குழு.

அபா, நைஜீரியாவிலிருந்து பிரிந்து தனிநாடாக அறிவித்துக்கொண்ட பியாஃப்ராவுக்குள் இருந்த ஊர். அந்தப் பிரிவினையால் 1967 முதல் 1970 வரை போர். எலும்பும் வயிறுமாக நின்ற குழந்தைகளின் புகைப்படங்கள் வழியாகத்தான் நான் அந்த மண்ணை அறிந்திருந்தேன்.

அந்தப் படங்களில் இல்லாத ஆட்டம் இந்தப் பாட்டில் இருக்கிறது. போர் ஓய்ந்த கையோடு, செத்தவர்களை எண்ணி முடிக்கும் முன்பே, அந்த இளைஞர்கள் மேடை ஏறியிருக்கிறார்கள். எவ்வளவு தாகம் இருந்திருக்க வேண்டும்!

ஓரிடத்தில் கிதார் ஒதுங்கிக்கொள்ள, தோல் வாத்தியங்கள் மட்டும் முழங்குகின்றன. அந்த இடத்தை மூன்று முறை திருப்பிக் கேட்டுவிட்டேன். பாத்திரங்கள் இன்னும் கிடக்கின்றன.