பொலிரோ போயாச்சு, ஏஸ் வந்தாச்சு

1.7 டன் பொலிரோ பிக்கப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துட்டு டீசல் டாடா ஏஸ் எடுத்தாச்சு.

ஆத்தங்குடிக் கல் ஏத்துன வரைக்கும் பெரிய வண்டி தேவைப்பட்டுச்சு. கண்ணாடி மேல வார்க்குற சிமெண்டுத் தரைக்கல்லு, பார்க்க அழகு; ஏத்தினா ஸ்பிரிங் பட்டை படுத்துரும். இப்ப ஓட்டமெல்லாம் பலகாரம்தான். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் கல்யாண வீடுகளுக்குத் தேன்குழல், மணகோலம், அதிரசம். டின்னு இடத்தை அடைக்குமே தவிர எடை ஏது? முக்கால் டன் வண்டி தாராளம்.

பொலிரோ லோடோட லிட்டருக்கு 11 தாண்டாது. இது 18க்குக் கீழ இறங்கல. டயர் செலவும் கம்மி. நம்ம செட்டிநாட்டு வீடுகளுக்கு முகப்பு ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. சமையல் சாமான் இறங்குறது பின்வாசல்லதான், அங்கே இது லேசா திரும்புது.

திருச்சி ரோட்டுல பஸ் ஒண்ணு உரசிப் போனா மட்டும் வண்டி ஆடுது, அதை மறைக்க முடியாது.

நேத்து ஒரு ஆச்சி, "என்னப்பா, வண்டி இளைச்சுப்போச்சு?"ன்னாங்க. "டீசல் விற்கிற விலைக்குப் பட்டினி போட்டேன் ஆச்சி"ன்னேன்.

பழைய வண்டித் தார்ப்பாய் சும்மா கிடக்கு. வேணுங்கிறவங்க இன்பாக்ஸ் வாங்க.